ஊர்ப்பெயரைத் தொலைத்த அணி

சான் லியாண்ட்ரோ,
9 நவம்பர் 2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியையும், முழங்கால் வலிக்காக மூன்றாவது வைத்தியரிடம் போயிருக்கும் கதையையும் சிரித்தபடி படித்து வந்தவன், கடைசி வரியில் நின்றுவிட்டேன். "நம்ம ஏஸ் எப்படி ஆடுகிறார்கள்?" என்று நம் ஓக்லண்ட் பேஸ்பால் அணி அத்லெட்டிக்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். ஆடுகிறார்கள், இந்த ஆண்டு 76 வெற்றி, 86 தோல்வி. ஆனால் அவர்களை இனி "நம்ம" என்று எந்தக் கணக்கில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

1968 முதல் ஓக்லண்டில் இருந்த அணி இப்போது மேற்கு சாக்ரமென்டோவில் பதினாலாயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சின்ன மைதானத்தில் குடியிருக்கிறது. குடியிருக்கிறது என்பதைச் சும்மா சொல்லவில்லை. அது இரண்டாம் நிலை லீக் அணி ஒன்றின் மைதானம், அந்த அணியோ நம் அண்டை வீட்டுப் பகையாளியான சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் நாற்றங்கால். 2028இல் லாஸ் வேகஸில் புது வீடு கட்டி முடிகிற வரையில் இந்த வாடகை வாழ்க்கை தொடருமாம். அதுவரை அணிக்கு ஊர்ப்பெயரே கிடையாது, வெறும் "அத்லெட்டிக்ஸ்" என்றுதான் அழைக்க வேண்டுமாம். ஜூலை 25 அன்று ஹூஸ்டனில் நிக் கர்ட்ஸ் என்ற புதுப் பையன் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தான். சமையலறையில் நின்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த நான் என்னையும் அறியாமல் கைதட்டிவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

தோற்றதனால் வந்த கோபம் இல்லை இது. தோல்வியோடு வாழத் தெரியாதவன் ஓக்லண்டில் ரசிகனாக ஒரு வருடம் கூடத் தாங்கமாட்டான். 2023இல் அவர்கள் 112 ஆட்டங்களில் தோற்றபோதும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். தோற்பதற்கென்றே ஓர் அணியைத் தயார் செய்து, நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்று, டிக்கெட் விலையை ஏற்றி, கூரை ஒழுகுவதையும் சாக்கடை பொங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் "பாருங்கள், ஆளே வருவதில்லை" என்று காலி நாற்காலிகளைச் சாட்சிக்கு அழைத்தார்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அந்தப் பேச்சுக்குப் பதிலாக ரசிகர்கள் 2023 ஜூன் 13, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, 27,759 பேர் திரண்டு வந்தோம். பச்சைச் சட்டையில் "விற்றுவிடு" என்ற ஒரே சொல்லை அச்சிட்டு அணிந்திருந்தோம். முதலாளி ஜான் ஃபிஷர் அணியை வேறு யாரிடமாவது விற்கட்டும், அது நம் ஊரிலேயே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். ஆட்டத்தையும் 2க்கு 1 என்று வென்றார்கள். இரண்டு நாள் கழித்து நெவாடா ஆளுநர் புது மைதானத்துக்குப் பொதுப்பணத்திலிருந்து 38 கோடி டாலர் வரை கொடுக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார்.

உனக்குத் தெரியாத ஒரு பழைய கதை இருக்கிறது. எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. எண்பதுகளில் அணியை நடத்திய வால்டர் ஹாஸ் நல்ல மனிதர். 1990 வாக்கில் ஜயண்ட்ஸ் மைதானம் கட்ட இடமில்லாமல் தவித்தபோது, சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா மாவட்டத்தில் அணி வைத்துக்கொள்ளும் உரிமையை, ஒரு காசும் வாங்காமல் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஜயண்ட்ஸால் அங்கே போக முடியவில்லை, வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் உரிமை மட்டும் அவர்களிடமே தங்கிவிட்டது. பிறகு நம் அணி, சாலை வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான் ஹோசேக்குப் போகிறேன் என்று கேட்டபோது, ஜயண்ட்ஸ் முடியாது என்றது. லீக்கும் அதையே சொன்னது. சான் ஹோசே நகரம் 2013இல் வழக்குப் போட்டது. அதைத் தள்ளிவிட நீதிமன்றம் காட்டிய காரணம் 1922ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பேஸ்பால் என்பது மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகமே அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் அன்று எழுதி வைத்ததில், நூறு கோடிக் கணக்கில் டாலர் புரளும் இந்தக் காலத்திலும் யாரும் கைவைக்கவில்லை. நகரம் தோற்றது. அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு விரல் அசைக்காதவர்கள், தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள லாஸ் வேகஸ் என்றதும் 2023 நவம்பரில் லீக் அணிகளின் முப்பது முதலாளிகளும் ஒரு குரலில் கை தூக்கினார்கள். ஒருவருக்காவது கை வலித்திருக்கக் கூடாதா?

ஓக்லண்ட் நகராட்சி மீது குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சூடு கண்ட பூனை அது. ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை 1995இல் திரும்ப அழைத்து வருவதற்காகக் கடன் வாங்கி, மைதானத்தின் நடுக்களத்துக்குப் பின்னால் அந்த ராட்சசக் கான்கிரீட் அடுக்கை எழுப்பினார்களே, நினைவிருக்கிறதா? அதுவரை ஆட்டத்தின் நடுவே தலை நிமிர்ந்தால் கிழக்கே ஓக்லண்ட் மலைகள் தெரியும், மாலை வெயிலில் புல் பொன்னாக மின்னும். நாம் போகத் தொடங்கியபோது அந்தச் சுவர் எழுந்துவிட்டிருந்தது. பக்கத்து இருக்கைக் கிழவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் அதைச் சபிப்பதைக் கேட்டு நாம் சிரிப்போம். ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகஸுக்கே போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகும் அந்தச் சுவருக்கான கடனை ஊரும் மாவட்டமும் கட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு கோடீஸ்வரருக்குக் காசோலை நீட்டத் தயங்கிய ஊரை நான் குறை சொல்லமாட்டேன்.

இதைப் பழைய பல்லவி என்று நினைக்காதே. செய்தித்தாளைத் திறந்தால் இதே கதைதான் வேறு உடையில் வருகிறது. இங்கே அமெரிக்க மத்திய அரசு முடங்கி இன்றோடு நாற்பது நாள். ஏறத்தாழ நான்கு கோடியே இருபது லட்சம் பேர் நம்பியிருக்கும் உணவு உதவித்தொகை இந்த மாதத் தொடக்கத்தில் தடைபட்டு, வழக்காகி நீதிமன்றத்தில் நிற்கிறது. சென்ற சனிக்கிழமை எங்கள் தெருக்கோடித் தேவாலயத்தில் அரிசியும் பீன்ஸும் கொடுத்தார்கள். வரிசை திருப்பத்தைத் தாண்டிப் போயிருந்தது, அதில் இரண்டு பேர் பழைய பச்சைத் தொப்பி அணிந்திருந்தார்கள். சோற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்டால் மாதக்கணக்கில் விவாதம். மைதானத்துக்கென்றால் சிறப்புக் கூட்டம் கூட்டி ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

காவிரிப் போராட்டத்தின்போது 2018இல் சென்னை அணியைப் புனேவுக்கு மாற்றியதை எழுதி, அதுபோல் எண்ணி ஆறுதலடையச் சொல்கிறாய். நீ நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாய். ஆனால் அவர்கள் அடுத்த ஆண்டே சேப்பாக்கத்துக்குத் திரும்பினார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். 2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மதியம். பார்ட் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைபாலத்தில், பன்றிக்கொழுப்பு சுற்றிய ஹாட்டாக்கை வெங்காயத்தோடு வதக்கும் அதே புகை. தண்ணீர்ப் பாட்டில் விற்கும் அதே கூவல். அணியின் பழைய நட்சத்திரங்கள் ரிக்கி ஹென்டர்சனும் டேவ் ஸ்டுவர்ட்டும் முதல் பந்தை எறிந்தார்கள். ஓக்லண்டில் வளர்ந்து, பந்து எறியப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்து 1,406 முறை பேஸ் திருடிய ரிக்கி, மூன்று மாதம் கூட முடியாமல் அந்த டிசம்பரில் காலமானார். டெக்சஸை 3க்கு 2 என்று வென்று முடித்தார்கள். 46,889 பேரில் பெரும்பாலோர் எழுந்து போகவே இல்லை. மைதானப் பணியாளர்கள் பேஸ்பாதையின் செம்மண்ணை அள்ளி அள்ளி வேலியோரம் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். என்னிடம் பாத்திரம் ஏதும் இல்லை. பீர் குடித்த பிளாஸ்டிக் குவளையை நீட்டினேன். அதை மட்டும் பூஜை அலமாரிப் பக்கம் கொண்டுவராதே என்று விசாலாட்சி கறாராகச் சொல்லிவிட்டதால், கார் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே இருக்கிறது.

பாலர்ஸ் என்று ஒரு புது அணி மேற்கு ஓக்லண்டில், ரைமண்டி பூங்காவில், 2024 முதல் ஆடுகிறது. சிறிய லீக்தான், நம் ரசிகர் கூட்டத்தின் பழைய மேளக்காரர்கள் சிலரை அங்கே பார்த்தேன். இந்த ஆண்டு கோப்பையையும் வென்றார்கள். ஜூலையில் நீ வந்தால் அங்கே அழைத்துப் போகிறேன், ஆனால் அதை ஏஸுக்கு மாற்று என்று மட்டும் சொல்லாதே. எனக்கு இன்னும் அந்த இடம் வரவில்லை.

ஒரு வேலை செய். 2002 செப்டம்பர் 4 இரவு ஆட்டத்துக்கு நீதான் பென்சிலும் ஸ்கோர் அட்டையும் வைத்திருந்தாய். மூன்று இன்னிங்ஸில் 11க்கு 0 ஆனதும் "இதற்கு மேல் என்ன இருக்கிறது, ரயிலைப் பிடிப்போம்" என்று நீ எழுந்ததையும், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்ததையும், கன்சாஸ் சிட்டி 11க்கு 11 என்று சமன் செய்ததையும், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹாட்டிபர்க் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி இருபதாவது தொடர் வெற்றியைக் கொடுத்ததையும் உன் பேரப்பிள்ளைகளிடம் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை நீ நிரப்பவே இல்லை என்பது என் கட்சி. கட்டிப்பிடித்துக் கத்தியதில் பென்சில் கீழே விழுந்துவிட்டது. நிரப்பினேன் என்று இருபத்துமூன்று வருடமாகச் சாதிக்கிறாய். பரணில் தேடி, அட்டையைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்