மண்ணில் இருப்பதும் வேருக்கு எட்டுவதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெப்பமும் வறட்சியும் பயிர்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பது குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நீர்ப் பற்றாக்குறையையும் விளைச்சல் இழப்பையும் அது தெளிவாகவே எடுத்துரைத்தது. ஆனால், வாடிய பயிருக்கு உரத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் தேறிவிடும் என்ற தொனியில் அமைந்த இறுதிப் பகுதியை, மண் பரிசோதனைக் கூடமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

கூடத்துக்கு வரும் மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்போம். மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, அளப்பதற்கு, அதில் ஒரு பங்கை இருபது பங்கு சோடியம் பைகார்பனேட் கரைசலில் இட்டு அரை மணி நேரம் குலுக்குவோம். வடிதாளில் இறங்கிய நீரில் எவ்வளவு இருக்கிறதோ அதுவே ‘கிடைக்கக்கூடிய மணிச்சத்து’ என்று அறிக்கையில் ஏறும். நன்றாக நனைத்துக் குலுக்கிய மண் என்ன தரும் என்பதற்கான விடைதான் அது. காய்ந்து வெடித்த நிலத்தில் நிற்கும் செடிக்கு அந்த நனைவும் இல்லை, குலுக்கலும் இல்லை. ‘போதுமானது’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்த நிலத்திலிருந்தே, முதிர்ந்த இலைகளில் கருஞ்சிவப்பு ஏறிய செடிகளைக் கோடையில் பிடுங்கிவந்து காட்டியவர்கள் உண்டு. அறிக்கையைத்தான் அவர்கள் சந்தேகித்தார்கள். தொடக்க காலத்தில் நானும் சந்தேகித்தேன்.

நைட்ரேட்டாக இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்), செடி நீரை உறிஞ்சும் இழுப்பிலேயே வேரை வந்து சேர்ந்துவிடும். மண்ணில் மணிச்சத்து இருக்கும் வடிவமான பாஸ்பேட்டுக்கு அந்த வசதி கிடையாது. இரும்போடும் அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் பிணைந்து கிடப்பதுதான் அதன் இயல்பு. மண்நீரில் கரைந்திருக்கும் சொற்பமும், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்ல ஊர்ந்துதான் பரவும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் உள்ளதை வேர் விரைவிலேயே தீர்த்துவிடுகிறது. அதற்கப்பால் இருப்பது வந்துசேர, மண்துகள்களைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலம் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். மண் காயக் காய அந்தப் படலம் மெலிந்து, வளைந்து நெளிந்து, இறுதியில் அறுந்துபோகிறது. மட்கிய பொருளிலிருந்து மணிச்சத்தை விடுவிக்கும் நொதிகளும் ஈரமில்லாத மண்ணில் மந்தமாகின்றன. வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளின் மெல்லிழைகள் ஓரளவு கைகொடுக்கும் என்பது உண்மைதான்.

சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) பெரும்பாலும் இதேபோல் ஊர்ந்து வருவதுதான். இலைத்துளைகளைத் திறந்து மூடுவதற்கு அது வேண்டும் என்பதால், மிகுதியாகத் தேவைப்படும் வேளையிலேயே அது குறைவாக வந்துசேர்கிறது. சுண்ணாம்புச்சத்தின் கதை வேறு. அது நீராவிப்போக்கின் இழுப்பில் மேலேறுவது. ஒரு முறை இலையில் தங்கிவிட்டால் அங்கிருந்து காய்க்கு இடம்பெயராது. வெயிலில் இலைகளே நீரை இழுத்துக்கொள்ளும்போது, குறைவாக நீராவி விடும் காய் ஏமாந்துபோகிறது. தக்காளிக் காயின் அடிப்புறம் முதலில் நீர் கோத்ததுபோல் மங்கி, பிறகு தோல்போலக் கறுத்துக் குழிவதைப் பார்க்கிறவர்கள் பூச்சி என்றும் நோய் என்றும் மருந்து தெளிப்பார்கள். மண்ணில் சுண்ணாம்பு தாராளமாக இருக்கும் நிலத்திலும் இது வரும்.

ஆகவே வறட்சி எல்லாச் சத்துகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’ ஆய்விதழில் வெளியான ஒரு பகுப்பாய்வு, வறட்சியில் செடிகளின் தழைச்சத்து ஏறத்தாழ 4 சதவீதமும் மணிச்சத்து ஏறத்தாழ 9 சதவீதமும் குறைவதாகக் கண்டது. இரண்டுமே குறைகின்றன, ஆயினும் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் தழைச்சத்தின் பக்கம் சாய்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த, உலகெங்கும் 224 வறண்ட நிலங்களின் மண்ணை ஆராய்ந்த கட்டுரையோ, வறட்சி மிக மிக மண்ணில் கரிமமும் தழைச்சத்தும் குறைவதாகவும், பாறை சிதைவதால் கிடைக்கும் கனிம மணிச்சத்து கூடுவதாகவும் தெரிவித்தது. முதல் பார்வைக்கு இவை முரண்படுவதுபோல் தோன்றும். மண்ணில் இருப்பதை ஒன்று அளந்தது, செடிக்குள் போய்ச் சேர்ந்ததை மற்றொன்று அளந்தது என்று பிரித்துப் பார்த்தால் முரண்பாடு பெருமளவு விலகிவிடும்.

வெப்பத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் விடை இடத்துக்கு இடம் மாறும். குளிர்ந்த, ஈரமான மண்ணில் சூடு கூடினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்படைந்து மட்கிலிருந்து தழைச்சத்தை விரைவாக விடுவிக்கும். ஏற்கெனவே வறண்ட மண்ணில் அதே சூடு எஞ்சிய ஈரத்தையும் போக்கி அவற்றை முடக்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடும் வெயிலில் முற்றிய தானியத்தில் புரதத்தின் சதவீதம் கூடியிருப்பதைச் சிலர் நன்மையாகக் கொள்கிறார்கள். மாவுப்பொருள் சேர்வது புரதம் சேர்வதைவிட அதிகமாகக் குறைந்துபோனதால் விகிதம் உயர்ந்து தெரிகிறதே தவிர, மணிக்குள் கூடுதலாக எதுவும் சேரவில்லை.

இந்த நிலையில் தழைச்சத்து உரமான யூரியாவைக் கூட்டச் சொல்வதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசில், தாழ்ந்த தட்டிலேயே மேலும் எடை வைக்கிறோம். போதாக்குறைக்கு, நீரின்றி வளர்ச்சி நின்ற செடி தான் எடுத்த நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற இயலாமல் தண்டின் அடிப்பகுதியில் தேக்கிவைக்கிறது. சோளம் போன்ற தீவனப் பயிர்களை அந்நிலையில் அறுத்துப் போட்டால் அது கால்நடைகளுக்கு நஞ்சாகவும் முடியும்.

நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையையும் கட்டுரை தொடவில்லை. உலர்ந்த மண் நனைந்தவுடன் நுண்ணுயிர்கள் திடீரென விழித்துக் கரியமில வாயுவையும் தழைச்சத்தையும் ஒருசேர வெளியிடுவதை, 1950-களின் இறுதியிலேயே பர்ச் என்ற ஆய்வாளர் விவரித்திருக்கிறார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வேளையில் நுண்வேர்களில் பல காய்ந்து உதிர்ந்திருக்கும் என்பதால், வாங்க ஆளில்லாத நைட்ரேட்டின் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கிப் போய்விடும். அதே வாரத்தில் உரமும் இட்டால் அதுவும் உடன் போகும்.

வறட்சிக் காலத்துக்கான உர ஆலோசனைகளைத் தாங்கள் இனி வெளியிடும்போது, மண் பரிசோதனையோடு இலைப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு வரியாவது இடம்பெறச் செய்தால் நன்று. இலையைப் பறித்த நாளில் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது, கடைசியாக எப்போது நனைந்தது என்ற இரண்டையும் உறையின் மேல் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த உறைகளில் அது எழுதப்பட்டிருந்ததே இல்லை, நாங்களும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர் ஒருவர்