முதல் அழைப்பிலேயே மூடும் கதவு

ஆசிரியருக்கு,

காது கேளாதோர் வேலை தேடுவதில் படும் சிரமங்கள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். திறமைக் குறைவால் அல்ல, தேர்வு நடக்கும் விதத்தால்தான் இவர்களில் பலர் வெளியே நிற்க நேர்கிறது. விண்ணப்பத்தில் 'குறுஞ்செய்தி மட்டும்' என்று எழுதினாலும் போன்தான் வருகிறது. எடுக்காவிட்டால் அக்கறை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறவியிலேயே காது கேளாத என் தம்பி, கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரன். ஒரு நேர்காணலில் கேள்வி கேட்டவர் கணினித் திரையைப் பார்த்தபடியே பேசினார். சைகைமொழி பெயர்ப்பாளரும் இல்லை. "உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வீர்கள்தானே?" என்றார்களாம். 'பணம்', 'மணம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும்! பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்று அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஐ.நா. 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவு, ஆள் சேர்க்கும்போதும் பாகுபாடு கூடாது என்கிறது. சரி, நிறுவனங்கள் ஒன்றிலிருந்து தொடங்கலாம்: ஒவ்வொரு வேலை விளம்பரத்திலும் குறுஞ்செய்தி எண்ணோடு, 'நேர்காணலுக்கு என்ன வசதி வேண்டும்?' என்ற கேள்வியையும் சேர்க்கட்டும். விண்ணப்பிப்பவர் கோரும் வசதியை நேர்காணல் நாளுக்கு முன்பே செய்தும் தரட்டும்.

- ஒரு வாசகர்