பிரான்ஸ்ல நடந்தது சதி இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரான்ஸ் அரசியல் பத்தி உங்க இதழ்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல மரின் லு பென்னோட தீவிர வலதுசாரிக் கட்சிதான் அதிக ஓட்டு வாங்குச்சு, மத்தவங்க ஒண்ணு சேந்து சதி பண்ணி மூணாவது இடத்துக்குத் தள்ளிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. புதுச்சேரில எங்க சொந்தக்காரங்க பல பேர் பிரெஞ்சு குடியுரிமைக்காரங்க, அந்தத் தேர்தல்ல ஓட்டு போட்டவங்க, எங்க வீட்டு விசேஷத்துல கூட இந்தப் பேச்சு ஓடும். சதிங்கறத என்னால ஏத்துக்கவே முடியல.

மொத்தம் 577 தொகுதி. முதல் சுற்றுலயே ஜெயிக்கணும்னா செல்லுபடியான ஓட்டுல பாதிக்கு மேல வாங்கணும், அது அந்தத் தொகுதியோட மொத்த வாக்காளர்கள்ல கால் பங்காவும் இருக்கணும். 2024 ஜூன் 30ல அப்படி ஜெயிச்சது 76 பேர்தான், மிச்ச 501 தொகுதிக்கு ஜூலை 7ல மறுபடி ஓட்டு. ஜனாதிபதி தேர்தல் மாதிரி முதல் ரெண்டு பேர்தான் மோதுவாங்கன்னு கட்டுரைல இருக்கு, அது தப்புங்க. முதல் ரெண்டு பேர் மட்டுமில்ல, வாக்காளர் பட்டியல்ல உள்ளவங்கள்ல 12.5 சதவீதம் அளவுக்கு ஓட்டு வாங்கின யாரும் ரெண்டாவது சுற்றுக்குப் போகலாம்.

போட்ட ஓட்டுல 12.5 இல்ல, பட்டியல்ல 12.5. எல்லாமே இதுலதான் இருக்கு. 1 லட்சம் பேர் உள்ள தொகுதின்னா 12,500 ஓட்டு வேணும். 2022 மாதிரி 47,500 பேர் மட்டும் வந்தா அது போட்ட ஓட்டுல 26 சதவீதம், மூணாவது ஆளுக்கு எட்டாத உயரம், அந்த வருஷம் மும்முனைப் போட்டியை விரல் விட்டு எண்ணிடலாம். 2024ல மூணுல ரெண்டு பேர் ஓட்டு போட வந்தாங்க, அதே 12,500 இப்ப 19 சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சு, 300 தொகுதிக்கு மேல மூணாவது ஆள் உள்ள வந்துட்டாரு. ஜனங்க கூட்டமா வந்ததாலதான் அந்த நிலைமை.

நம்மூர்ல கூட்டணிப் பேச்சு, தொகுதி உடன்பாடெல்லாம் மனு தாக்கலுக்கு முன்னாடியே முடிஞ்சுடும், யாருக்கு எவ்வளவு பலம்னு யூகத்துலதான் பேசுவாங்க. அங்க முதல் சுற்றை எண்ணின பிறகு பேசறாங்க. அதுக்கு அடுத்து வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள்ள மறுபடி மனு கொடுக்கணும், கொடுக்காதவர் விலகினதா அர்த்தம். லு பென் கட்சிக்கு எதிரான ஓட்டு பிரியக்கூடாதுன்னு 200 பேருக்கு மேல அப்படி விலகினாங்க, மும்முனைப் போட்டி சுமார் 90ஆ குறைஞ்சுடுச்சு.

நார்மண்டில கல்வதோஸ் 6வது தொகுதியைப் பாருங்க. முன்னாள் பிரதமர் எலிசபெத் போர்ன் ரெண்டாவது இடம், லு பென் கட்சிக்காரர் முதலிடம், இடதுசாரி வேட்பாளர் நோயே கோஷார் மூணாவது. ஓய்வு வயசை 62லேந்து 64 ஆக்கி, அதை ஓட்டெடுப்பு இல்லாமலே சபைல நிறைவேத்தினவங்க இந்த போர்ன் அம்மாதான், அதுக்காக இடதுசாரிகள் மாசக்கணக்கா தெருவுல நின்னாங்க, அப்படியிருந்தும் கோஷார் விலகினாரு, போர்ன் ஜெயிச்சாங்க. வேட்பாளர் விலகலாம், ஆனா அவரோட வாக்காளரை யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக முடியாது. அவங்க வீட்லயே இருந்திருக்கலாம், வெத்து ஓட்டு போட்டிருக்கலாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்து போட்டாங்க, அதைப் போய் சதின்னா எப்படி சார்?

ரெண்டாவது சுற்றுல லு பென் கட்சியும் கூட்டாளிகளும் 37 சதவீதம் வாங்கினாங்கன்னு சொல்றீங்க. மத்தவங்க நூத்துக்கணக்கான தொகுதில போட்டியிலயே இல்ல, இவங்க பெரும்பாலான தொகுதில நின்னாங்க, அந்தக் கூட்டுத்தொகையை எப்படி ஒப்பிட முடியும்?

இந்த முறைல குறையும் இருக்கு. யாரு வரக்கூடாதுன்னு ஜனங்க தெளிவா சொன்னாங்க, யாரு ஆளணும்ங்கறதுக்குப் பதில் கிடைக்கல. பெரும்பான்மைக்கு 289 வேணும், எந்த அணியும் கிட்டக்கூட வரல, தேர்தலுக்கு அப்புறம் பிரதமரா வந்த பார்னியேயோட அரசு அந்த டிசம்பர்லயே கவுந்துடுச்சு. அதைப் பத்தி நீங்க எழுதியிருந்தா நானே கைதட்டியிருப்பேன்.

அடுத்த தடவை முடிவு போடறப்ப கட்சி வாரியா சதவீதம் மட்டும் போடாம, எத்தனை பேர் ஓட்டு போட்டாங்க, எத்தனை தொகுதில யார் விலகினாங்கன்னும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, புதுச்சேரி