சித்தப்பாவுக்கு, பீரங்கியை முன்வைத்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அப்பாவின் தலைத்திவசத்தன்று நீங்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் நம் இருவருக்கும் தெரியும் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. அன்று வாய் வராததை இப்போது சொல்லிவிடுகிறேன்: அந்தப் பீரங்கிக் குண்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஜூலையில் கேப் டவுனுக்குப் போகிறேன். இதை ஊரறிய எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை, சித்தி வழியாகச் சொல்லி அனுப்பினால் பாதிதான் வந்து சேர்கிறது. டர்பனில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள நம் உறவினர்கள் படிப்பார்கள் என்பதால் எந்த நிறுவனம், என்ன திட்டம் என்பவற்றைத் தொடமாட்டேன். கீழே வரும் தொழில் விவரமெல்லாம் ஏற்கெனவே வெளியானதுதான்.

“பீரங்கி செத்துப்போன சாமான், அதற்காகவா வாத்தியார் வேலையை விடுகிறாள்” என்று கேட்டீர்களாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் பொதுமக்களைக் கப்பலுக்குள் அனுமதித்த அந்த நாளை நீங்கள் மறந்திருக்க முடியாது. அப்பா என்னை வாயில்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று வெயிலில் நின்றுகொண்டார். 1960களில் இந்தியர்களுக்கென்று அதே தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் நடந்த கல்லூரியில் படித்தவர் அவர். பின்னர் அதே தீவில் இந்தியர்களுக்கென்று திறந்த ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர் நீங்கள். நீங்கள் என்னைத் தூக்கி முன்தளத்தில் நிறுத்தி, 76 மில்லிமீட்டர் ஓட்டோ மெலாரா பீரங்கியைக் காட்டினீர்கள். நிமிடத்துக்கு 85 குண்டு என்றபோது நான் நம்பவில்லை. பிறகு ஒரு பயிற்சிக் குண்டை மடியில் கிடத்தி, அதன் இடுப்பைச் சுற்றியிருந்த செம்புப் பட்டையை என் கட்டைவிரல் நகத்தால் தடவச் சொன்னீர்கள். நகம் பதியும் அளவுக்கு மெத்தென்று இருக்கும் என்று நினைத்தேன். பதியவில்லை, எண்ணெய் மட்டும் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. “இந்தச் செம்புதான் குழலின் வரியைக் கவ்விச் சுழல்கிறது, ஒவ்வொரு சூட்டுக்கும் குழலும் கொஞ்சம் தேய்கிறது, குழலுக்கும் ஆயுசு உண்டு, கண்ணு” என்றீர்கள். நான் இயந்திரவியல் படித்ததற்கு அந்தப் பட்டைதான் காரணம்.

அந்த ஆயுசுதான் அமெரிக்கக் கடற்படையின் ரெயில்கன் என்ற மின்சாரப் பீரங்கியையும் கவிழ்த்தது. வெடிமருந்தின் வாயு எவ்வளவு வேகமாக விரிகிறதோ அதற்குள்தான் குண்டின் வேகமும் அடங்க வேண்டும் என்பதால், மருந்தே இல்லாமல் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே பல லட்சம் ஆம்பியர் மின்சாரத்தைப் பாய்ச்சிக் குண்டைத் தள்ளலாம் என்று 2005இல் தொடங்கினார்கள். 2010 டிசம்பரில் டால்க்ரென் சோதனைக்களத்தில் 33 மெகாஜூல் ஆற்றலுடன் சுட்டார்கள். ஒலியைப் போல் ஆறு ஏழு மடங்கு வேகம் என்பது இலக்கு. ஆனால் குண்டைத் தள்ளும் அதே விசை தண்டவாளங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிய்த்துத் தள்ளுகிறது, உராய்வும் மின்பொறியும் அவற்றின் மேற்பரப்பை உருக்குகின்றன. ஏறக்குறைய 50 கோடி டாலர் செலவழித்தபின் 2021இல் நிறுத்திவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் மட்டும் விடவில்லை. 40 மில்லிமீட்டர் அளவில் சிறியதாகச் செய்து 2023 அக்டோபரில் கப்பலிலிருந்தே சுட்டுப் பார்த்தார்கள்.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் பலமான சாட்சி அமெரிக்காவின் ஸும்வால்ட் வகைப் போர்க்கப்பல். 32 கப்பல்கள் என்று திட்டமிட்டு மூன்றில் நின்றது. கப்பல் குறைந்ததால் அதன் 155 மில்லிமீட்டர் பீரங்கிக்கென்றே செய்த குண்டின் விலை ஒன்றுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. 2016இல் குண்டு வாங்குவதையே கைவிட்டார்கள். முதல் கப்பலில் அந்தப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு ஏவுகணைக் குழாய்களை வைத்திருக்கிறார்கள். இதை நீங்கள் எடுத்துக் காட்டினால் என்னிடம் மறுப்பு இல்லை.

நான் சொல்வது வேறு. ரெயில்கன் போனாலும் அதற்காக வடித்த எறிகணை போகவில்லை. குழலின் வாயைவிட மெலிந்த, கூரான, காற்றை அதிகம் எதிர்க்காத உடல் அது. வெளியே வந்ததும் வேர்க்கடலைத் தோடு போல இரண்டு பக்கமும் பிரிந்து விழும் உறைக்குள் இருப்பதால் சாதாரண மருந்துப் பீரங்கியிலும் போடலாம். வேகம் ஒலியைப் போல் மூன்று மடங்காகக் குறையும், அவ்வளவுதான். 2018இல் டூயி என்ற நாசகாரிக் கப்பலின் 5 அங்குலப் பீரங்கியிலிருந்து 20 குண்டுகளைச் சுட்டார்கள். 2020 செப்டம்பரில் தரைப்படையின் பீரங்கி ஒன்று, குரூஸ் ஏவுகணையாகப் பாவித்துப் பறக்கவிட்ட இலக்கு விமானத்தை அதே எறிகணையால் வீழ்த்தியது. நீங்கள் சுட்ட பீரங்கி முதலில் கொடுத்த வேகத்தோடு நின்றுவிடும், பிறகு காற்றும் அதிர்ஷ்டமும்தான். இதுவோ வழியில் தன் திசையைத் திருத்திக்கொள்கிறது. குழலுக்குள் புவியீர்ப்பைப்போல் பல்லாயிரம் மடங்கு முடுக்கத்தைத் தாங்கி, வெளியே வந்த மறுகணம் அதன் மின்னணுச் சுற்று வேலை செய்ய வேண்டும் என்பதுதான் தொழிலின் கஷ்டமே. எனக்குத் தூக்கம் வராத இரவுகளில் நான் யோசிப்பது இதைத்தான், உங்கள் கோபத்தை அல்ல என்று எழுத ஆசை. பொய் எழுத வரவில்லை.

செங்கடலில் அமெரிக்கக் கடற்படைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சில ஆயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த இருபது லட்சம் டாலர் ஏவுகணை. காலியான ஏவுகணைக் கூண்டைக் கடலில் வைத்து நிரப்பவும் அப்போது வழியில்லை, துறைமுகத்துக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. அந்தச் சண்டையில் 5 அங்குலப் பீரங்கிகள் 160 குண்டுகள் சுட்டதாக அந்தக் கடற்படையே 2025 ஜனவரியில் சொன்னது. நூறு கி.மீ.க்கு அப்பாலுள்ள கரையை அடிக்கும் கனவு செத்ததென்றால் ஒப்புக்கொள்கிறேன். தன் தலைமேல் வருவதை மலிவாகத் தட்டிவிடும் வேலை பீரங்கியைத் தேடி வந்துகொண்டிருக்கிறது, அதற்குக் குண்டுதான் புத்திசாலியாக வேண்டும்.

அப்பா இருந்திருந்தால் இந்தக் கணக்கு எதையும் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார். நம் நாட்டுக்கு நெடுந்தூரக் குண்டு வந்த வழி அவருக்குத் தெரியும்: 1970களில் ஆயுதத் தடையை மீறி கனடாக்காரப் பீரங்கி நிபுணர் ஜெரால்ட் புல் அனுப்பியது, அதற்காக அவர் அமெரிக்காவில் சிறை போனது, அந்தப் பரம்பரையில் வந்த ஜி5 பீரங்கி அங்கோலாவில் சுட்டது. கடற்படைச் சட்டையை நீங்கள் போட்டிருந்த காலமெல்லாம் அப்பா உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டார். நீங்கள் “சம்பளம், அண்ணா” என்று மட்டும் சொன்னீர்கள். நான் உங்களைக் கேட்டதே இல்லை. கேட்காமலே உங்கள் பக்கம் நின்றேன், அப்பாவிடம் அதற்காக ஏச்சும் வாங்கினேன். இன்று நான் போகிறேன் என்றதும் அவருடைய வார்த்தைகளையே எடுத்து என்மேல் வீசுகிறீர்களே, அது என்ன நியாயம்?

ஒருவேளை நீங்கள் சொல்லாத காரணம் 2018 செப்டம்பராக இருக்கலாம். சாமர்செட் வெஸ்ட் வெடிமருந்து ஆலையில் எட்டுப் பேர் போனார்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார். நான் உட்காரப்போவது கணினி முன்னால், மருந்து நிரப்பும் கொட்டகையில் அல்ல. அதற்குமேல் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. பயம்தான் காரணமென்றால் பயம் என்று சொல்லுங்கள், நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பீரங்கி செத்துப்போன சாமான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். தொடர்ந்து சுடும்போது குழல் எத்தனையாவது குண்டில் துல்லியம் இழக்கத் தொடங்கும் என்று உங்கள் கை சொன்ன கணக்கு எனக்கு வேண்டும், கையேட்டில் இருப்பது வேண்டாம். திட்டுவதானால் அதைச் சொல்லிக்கொடுத்த பிறகு திட்டுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்