பழைய நிரலைப் பராமரிப்பதும் புராஜெக்ட்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளின் கடைசி வருட புராஜெக்ட் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் புதுசாக யோசிப்பதில்லை என்று அதில் குறைபட்டிருந்தீர்கள். என் குறை வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தினால் அதைப் புராஜெக்டாகவே பல இடங்களில் ஏற்பதில்லை.

என் அண்ணன் மகள் இங்கே பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படித்தவள். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம்தான் என்பதால் அது அவளுக்குப் பள்ளியிலேயே பழகிவிட்டது. இப்போது எல்லை தாண்டி ஒரு கல்லூரியில் படிக்கிறாள். நிரல்களை எழுதவும் திருத்தவும் பயன்படும் விம் எடிட்டரில் தமிழ் எழுத்து சம்பந்தமான வேலையைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாள். "இதில் புதுசாக என்னம்மா இருக்கு?" என்று சொல்லி, நூலக மேலாண்மை மென்பொருள் செய்யச் சொல்லிவிட்டார்கள். அதுதான் புதுசாம்!

நான் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருப்பவள். நடுராத்திரியில் சர்வரின் அமைப்புகள் இருக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்த வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் விஐ அல்லது விம்தான் கைகொடுக்கும். விஐ பழைய எடிட்டர்; பில் ஜாய் 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுத ஆரம்பித்தது. அதே பாணியில் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991இல் விம்மை வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை அவர்தான் அதன் தலைமைப் பராமரிப்பாளர். விலை கிடையாது. மனமிருந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின் கிறிஸ்டியன் பிராபண்ட் முதலானோர் பொறுப்பேற்று, 2024 ஜனவரியில் 9.1 பதிப்பை அவருக்குச் சமர்ப்பித்து வெளியிட்டார்கள். 32 வருட நிரலை, எழுதியவரிடம் சந்தேகம் கேட்க வழியில்லாமல், படித்துப் புரிந்துகொண்டு நடத்துவது லேசான காரியமா?

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' திரையில் ஒரே எழுத்து; உள்ளே, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் 'க' தனி, கொம்பும் காலும் சேர்ந்த குறி தனி. இது திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று எடிட்டர் ஒரு கணக்குப் போடும், அது ஓடும் கறுப்புத் திரையான டெர்மினல் ஒரு கணக்குப் போடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கர்சர் ஓரிடத்தில் தெரியும், வேலை வேறிடத்தில் நடக்கும். ஒன்றை அழிக்கப் போய் பக்கத்து எழுத்து காணாமல் போவது இப்படித்தான். விம்மில் இதற்கான அட்டவணைகள் எம்பைட்.சி என்ற ஃபைலில் இருக்கின்றன. யுனிகோடில் புதுப் பதிப்பு வந்தால் அவற்றையும் யாராவது புதுப்பிக்க வேண்டும். அப்புறம், திருத்தினால் மட்டும் போதாது. அது மறுபடி உடையாமல் இருக்க ஒரு டெஸ்டும் எழுதித் தர வேண்டும். விம்மில் சேர்க்கப்படும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும், அதாவது திருத்தத்துக்கும், ஓர் எண் உண்டு; எந்தத் திருத்தம் எப்போது வந்தது என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

நூலக மென்பொருளை வைவா முடிந்த பிறகு யார் திறந்து பார்க்கிறார்கள்? விம்முக்கு அனுப்பும் திருத்தத்தையோ உலகின் ஏதோ மூலையில் முகம் தெரியாத ஒருவர் வரிவரியாகப் படித்து, இது சரி, இது சரியில்லை, திரும்ப எழுது என்பார். எங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் தேடுவது இந்தப் பழக்கம் உள்ளவர்களைத்தான். பேட்ச் ஏற்கப்படாமல் போனாலும் அந்த வாதப் பிரதிவாதத்தையே ரிப்போர்ட்டாக வாங்கி மதிப்பெண் போடலாம். இதற்கு விதி தடையா, மனசு தடையா என்று துறைத்தலைவர்கள் சிலரிடம் கேட்டு, அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்