உப்பூரிலிருந்து மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்த் திரும்பி, நேற்றுதான் உப்பூரில் என் கைக்கு வந்தது. ஆய்வுக்காகக் கொஞ்ச நாளாக ஊரில்தான் இருக்கிறேன். எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் கண்மாய்க்கரை வரை நடக்காமல் இருக்க மாட்டார். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில்தான். பாம்பன் மச்சான் அதற்கு முன்னால் கடனை அடைக்க ஓடிக்கொண்டிருக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். விதைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. வேளாண் விரிவாக்கம், அதாவது புது முறைகளை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் படிப்பு, சேரலாமா என்கிறாய். லேப் கிடையாது, சுலபமாக முடித்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே. புள்ளியியல் கழுத்தைப் பிடிக்கும். அப்புறம் வினாப்பட்டியல் தயாரித்து, நாலு பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்தி, வெயிலில் ஊர் ஊராக அலைய வேண்டும்.

போன வாரம் என் வினாப்பட்டியலோடு ஒரு மிளகாய்க் களத்துக்குப் போனேன். நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா, என் கேள்விகளும் தரத்தைப் பற்றித்தான். வெறுந்தரையில் போடாமல் தார்ப்பாயில் காயவைப்பது நல்லது என்பதை 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'ஒத்துக்கொள்ளவே இல்லை' வரை ஐந்தில் ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு அம்மா வத்தலைக் காலால் கிண்டிவிட்டபடியே கேட்டுவிட்டு, "நீ எதைச் சொல்லணும்ங்கிறியோ அதைப் போட்டுக்க தம்பி" என்றார். பேனாவை மூடிவிட்டுச் சும்மா பேச்சுக் கொடுத்தேன். மண் ஒட்டும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், எல்லாம் அவருக்கு அத்துபடி. "பாயில காஞ்சதுக்கும் தரையில காஞ்சதுக்கும் கடையில ஒரே வெலதான் போடுறான். பாய்க்குக் காசு யாரு தருவா?" என் ஐந்து கட்டத்தில் இந்தப் பதிலை எங்கே எழுதுவது? தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன். இப்போது ஓரக்குறிப்புகள்தான் ஆய்வேட்டில் உருப்படியான பகுதி போலத் தெரிகிறது.

புது முறை விவசாயிகளிடம் எப்படிப் பரவுகிறது என்று வகுப்பில் நடத்தும் கோட்பாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அயோவா விவசாயிகளிடம் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ரயான், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் முதலில் சேதி சொன்னது விதை விற்பனையாளர், நம்ப வைத்தது அக்கம்பக்கத்து விவசாயி. நீ ஏற்கெனவே பாடத்துக்குள்தான் இருக்கிறாய் மாப்ள! அந்த வழியில் வந்த வகைப்பாடு, கடைசியாக ஏற்கும் 16 சதவீதத்தினரைப் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்குகிறது. எனக்கு அங்கேதான் ஒத்துவரவில்லை. புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்க்கிற நம்ம ஊர்க்காரர், புது ரகம் என்றால் பக்கத்து வயலில் விளைவதைப் பார்க்கட்டும் என்று நிற்பார். மானாவாரியில் ஒரு போகம்தான், அது போனால் வருஷமே போச்சு. அவர் கணக்கு சரியான கணக்கு. வாய்மொழித் தேர்விலும் இதைத்தான் சொல்லப் போகிறேன், நடப்பது நடக்கட்டும்.

சேதி சரியாகப் போய்ச் சேர்ந்த கதைகளும் உண்டு. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 ரகம் வானொலி வழியாகப் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியது. இங்கே பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' 90.4 என்ற வானொலி நடக்கிறது. காற்று, அலை நிலவரம் எல்லாம் அவர்கள் பேச்சிலேயே வருகிறது. எந்த அதிகாரி வந்து பேசினாலும் எழுந்து போய்விடும் மச்சான், அதை மட்டும் காதைத் தீட்டிக் கேட்கிறார்.

என்னைக் கேட்டால், சேர். ஆனால் வேளாண்மை அலுவலர் தேர்வுதான் குறி என்றால் கையிலிருக்கும் பி.எஸ்சி.யே போதும், இரண்டு வருஷத்தை வீணாக்காதே. வேளாண் அறிவியல் நிலையத்தில் தொழில்நுட்ப வல்லுநர், கல்லூரியில் ஆசிரியர் என்று நினைத்தால்தான் முதுகலை வேண்டும். சம்பளம் இல்லாமல் குடும்பம் ஓடுமா என்பதைத் தங்கச்சியிடம் முதலில் பேசு, என் பேச்சைக் கேட்டு முடிவெடுத்தாய் என்று என் தலையை உருட்டக் கூடாது.

அப்புறம், இளங்கலையில் நீ எழுதிய புள்ளியியல் நோட்டு பரணில் கிடந்தால் தபாலில் போடு. நீ சேருவதற்குள் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்