பொன்னாடையும் பரிசும்

ஐயா, அரசுப் பள்ளிகள் அனைத்திலும் ஆண்டு விழா நடத்த, மாணவர் எண்ணிக்கைக்கேற்ப நிதி வழங்கும் தமிழக அரசின் முடிவு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பெரும்பாலும் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கே வாய்த்திருந்த மேடை, கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்கும் கிடைப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்த மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழாசிரியராக நான் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆண்டு விழாவில், பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கரகத்தைத் தலையில் கட்டியபடி காத்திருந்த எட்டாம் வகுப்பு மாணவியின் அரிதாரம் வியர்வையில் வழிந்துவிட்டது. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்று, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை பெறத் தகுதியடைந்த மாணவனின் பெயரோ, அவசரமாக வாசிக்கப்பட்ட ஆண்டறிக்கையில் விடுபட்டேபோனது. (அவனுடைய தாய் நூறு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.) எனவே, பரிசளிப்பையும் கலை நிகழ்ச்சிகளையும் முதலில் முடித்து, வாழ்த்துரைகளைக் கடைசியில் வைக்கும்படி பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்.